அத்தான் நீட்டிய மாத்திரை

செல் வளர்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. புற்றுநோய்ச் செல்களைச் சின்னத் தட்டில் போட்டு, ஊட்டத் திரவம் ஊற்றி, பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வேன். மருந்து விட்டால் பாதி செத்துவிடும். அதோடு ஆன்டிஆக்சிடன்ட்டையும் கலந்தால் போச்சு, மருந்துக்கே பெப்பே காட்டிவிட்டு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகித் தட்டை நிறைத்துவிடும். செல்லுக்குள் ஆக்சிஜனால் எப்போதும் ஒரு சூடு கனன்றுகொண்டிருக்கும். அளவோடு இருந்தால் அதுவே வளரச் சொல்லும், பிரியச் சொல்லும். மீறினால் செல்லே பொசுங்கிவிடும். மீறாமல் அடக்கி வைப்பது ஆன்டிஆக்சிடன்ட். நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அந்தச் சூட்டை ஏற்றிக் கொல்லும் மருந்தைத்தான் மருத்துவமனையில் கொடுத்தார்கள். அத்தானோ யார் பேச்சையோ கேட்டு, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்கி வந்து தினமும் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் கொளுத்திக்கொண்டே மறுபக்கம் தண்ணீர் ஊற்றுவார்களா? டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் அத்தான் கேட்கவில்லை. உடம்புக்குத் தெம்பு வேண்டாமா, நீ தட்டில் வளர்ப்பதும் இவளும் ஒன்றா என்று என் வாயை அடைத்தார். அக்காவிடம் தனியாக விளக்கினேன். துப்பிவிடுகிறேன் என்று தலையாட்டினாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

நேற்று ஸ்கேன் வந்தது. கட்டி வளர்ந்திருந்தது. மாத்திரையாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, அத்தான் சமையலறைக்குப் போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாத்திரையைக்கூட அவள் துப்பவில்லையாம்.

"நான் சொன்னது புரியலையாக்கா?"

"நல்லாப் புரிஞ்சுது. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல. இப்ப எனக்கு முன்னாடி எழுந்து, வெந்நீர் வெச்சு, ஆத்தி எடுத்துட்டு வர்றார். நான் முழுங்கற வரைக்கும் தலையத் தாங்கிப் புடிச்சுக்கறார். அத எப்படிடி வேணாங்கறது?"

 

அத்தான் டம்ளரோடு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு மாத்திரை பத்தவில்லையோ, இனிமேல் இரண்டாகக் கொடுக்கலாமா என்று என்னிடமே கேட்டார். அக்கா என் கையை அழுத்தியும் நான் விடவில்லை.

"மாத்திரையே வேணாம் அத்தான். வெந்நீர் மட்டும் குடுங்க, போதும்."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"வெறும் தண்ணியா? அத அவளே எடுத்துக் குடிக்க மாட்டாளா?"

அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அவ கெடக்கறா. நீங்க ரெண்டாவே குடுங்க."