கோபம் தீராமல் தமால் வேகாது

ஓஃபெலியா அம்மாளின் வீட்டில் விருந்தாளியின் கையில் தண்ணீர் படக்கூடாது. இது சட்டம். மெக்சிகோ நாட்டுச் சட்டங்கள் அத்தனையையும் மீறிவிட்டு ஒருவன் சோலூலா நகரில் தலை நிமிர்ந்து நடந்துவிடலாம். இந்தச் சட்டத்தை மீறினால் அந்த வீட்டுக் கூடத்தைக்கூடத் தாண்ட முடியாது.

பிரிட்டா ஆகஸ்டு மாதம் மினசோட்டாவிலிருந்து அங்கே படிக்க வந்தவள். பல்கலைக்கழகம் அவளை அந்த வீட்டில் தங்க வைத்திருந்தது. வந்த மறுநாள் காலையில், காபி குடித்த கோப்பையைக் கழுவலாமென்று குழாயைத் திருகினாள். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓஃபெலியா அம்மாள் படியிறங்கி வந்தாளோ, சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தாளோ, முதல் சொட்டு விழுவதற்குள் பக்கத்தில் நின்றாள்.

"விடுங்க கண்ணு. நீங்க விருந்தாளி. போய் உக்காருங்க."

பிரிட்டா உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்த இடத்துக்கு உணவு வந்தது; மறுபடி வந்தது; போதும் என்றால் இன்னும் பெரிய தட்டில் வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் திட்டு என்பது சிற்றுண்டிக்கு முன்பே பரிமாறப்படும் பண்டம். மகள் யரேலிக்குக் குளியலறை வடிகாலில் முடி அடைத்ததற்காக ஒரு திட்டு, வாயைத் திறந்ததற்காக இன்னொன்று. டயர் பஞ்சர் கடை வைத்திருந்த கணவர் நபோருக்கு, கரிக்கையோடு மேசைவிரிப்பைத் தொட்டதற்காக. நாய்க்கு, நாயாகப் பிறந்ததற்காக. தெருவில் போகும் கேஸ் வண்டிக்காரனுக்கும் ஜன்னல் வழியாக அவன் பங்கு போய்ச் சேர்ந்துவிடும். பிரிட்டாவுக்கு மட்டும் புன்னகை. புன்னகையைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"மே மாசம் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு திட்டாவது வாங்கிடணும் யரேலி. ஒரு பாத்திரமாவது கழுவிடணும். இல்லேன்னா நான் இந்த வீட்டுல இருந்தேன்னே அர்த்தமில்ல. ஓட்டல்ல தங்கின மாதிரிதான்."

"உனக்கு மண்டையில ஏதாவது அடிபட்டுச்சா?" என்றாள் யரேலி. "என் பங்கை எடுத்துக்கோ. மொத்தமா தர்றேன். அப்பா பங்கையும் சேத்துத் தர்றேன்."

பிரிட்டா சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளைபோட்டு, மீன் கடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து வந்தவள் அவள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் பண்டிகை. வளையமாகச் சுட்ட பெரிய ரொட்டி மேசைக்கு வந்தது. அதற்குள் எங்கேயோ விரல்நுனி அளவில் குழந்தை ஏசு பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். யார் வெட்டும் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதித் திருநாளில் எல்லோருக்கும் தமால் செய்து போட வேண்டும். சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு அடித்து, சோளத் தோகையில் பொதிந்து, ஆவியில் வேகவைக்கும் பண்டம். தின்பது சுகம், செய்வது முதுகெலும்பின் முடிவு. ஆகவே அந்த ரொட்டியை வெட்டும்போது ஊரே வெடிகுண்டைப் பிரிப்பதுபோல் வெட்டும். பொம்மை தட்டுப்பட்டதும் சத்தமில்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஒருமுறை நபோர் அப்படியே விழுங்கியும் விட்டார். அது அவர் வயிற்றில் இன்னும் இருப்பதாக அவர் தங்கை எர்மினியா சொல்லிக்கொண்டு திரிவாள்.

எர்மினியா அன்றைக்கும் வந்திருந்தாள். அண்ணி சமைத்ததில் குறை கண்டுபிடிக்க மூக்கு, நாக்கு, கண் மூன்றையும் தீட்டி வைத்திருப்பவள். கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணியின் மோலே குழம்பைச் சுவைத்துவிட்டு, "கடல் வத்திப்போச்சா, உப்பெல்லாம் இங்க இருக்கே?" என்று கேட்டவள். அந்தக் கேள்வி இன்னும் அந்தக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரிட்டாவின் கத்தி 'டிக்' என்றது. பொம்மை!

அவள் அதை எடுத்து, உலகக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவதுபோல் தூக்கிக் காட்டினாள். பொம்மை கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷியை அந்த மேசை அதுவரை பார்த்ததில்லை.

"அது செல்லாது கண்ணு," என்று கையை நீட்டினாள் ஓஃபெலியா அம்மாள். "நீங்க விருந்தாளி. குடுங்க, யரேலி பாத்துப்பா."

"நான் ஏன்?" என்று யரேலி அலறினாள்.

நீட்டிய கை நெருங்கியது. பிரிட்டா சட்டென்று பொம்மையை வாயில் போட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஊரெல்லாம் தமாலிலிருந்து தப்பிக்கப் பொம்மையை வாயில் ஒளிக்கும். தமால் கைவிட்டுப் போகக்கூடாதென்று ஒளித்தவள் அவள் ஒருத்திதான்.

"நானே செய்றேன்," என்றாள் கன்னத்தில் பொம்மையோடு. "இந்த வீட்டுலயே. இந்த அடுப்புலயே."

நபோர் மெல்லுவதை நிறுத்தினார். எர்மினியாவின் முகம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது.

"வெள்ளைக்காரப் பொண்ணு கையால தமாலா! நான் எங்கிருந்தாலும் வந்துடுவேன் அண்ணி. வயித்து மாத்திரையும் கொண்டாந்துடுறேன், எல்லாருக்கும்."

அதுதான் வினை. தமால் சொதப்பினால் அது பிரிட்டாவின் தமாலாக இருக்காது. 'ஓஃபெலியா வீட்டுத் தமால்' என்று சொல்லித்தான் எர்மினியா தெருத்தெருவாக விநியோகிப்பாள். ஓஃபெலியா அம்மாள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையில் தேங்காய் உடைக்கலாம்.

"சரி கண்ணு. உங்க இஷ்டம்."

இஷ்டம் என்று சொன்னாளே தவிர, பயிற்சிக்கு அடுப்பங்கரைக் கதவு திறக்கவில்லை. 'திருநாளன்னிக்கு மட்டும்' என்பது உத்தரவு. அதனால் பிரிட்டா பஞ்சர் கடைக்குப் போனாள். நபோர் தன் மின்னடுப்பை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்து மாவை அடிப்பாள். கிள்ளிப் போட்ட உருண்டை தண்ணீரில் மிதந்தால் மாவு பதம். மூழ்கினால் இன்னும் அடி என்று அர்த்தம். பஞ்சர் பார்க்கும் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் சோதனையெல்லாம் அதில்தான். உருண்டைகள் ஒன்று விடாமல் மூழ்கின. தொட்டியின் அடியில் ஒரு புதிய தீவே உருவானது.

முதல் தமாலைத் தின்ற லாரி ஓட்டுநர், ஜாக்கி வைக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு கேட்டார். இரண்டாவது வாரத்துத் தமாலை நாய் மோந்து பார்த்துவிட்டு நபோரின் முகத்தைப் பார்த்தது, 'இவளுக்கு நான் என்ன செய்தேன்?' என்பதுபோல.

"விட்டுடு புள்ள," என்றார் நபோர். "முக்குக் கடையில வாங்கிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே ஐயா," என்று பிரிட்டா மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தாள்.

ஜனவரி முடிவதற்குள் அவள் கையில் ஏறிய முறுக்கைப் பார்த்து, டயர் கழற்ற வந்தவர்கள் நபோரை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் உருண்டை தொட்டியில் விழுந்தது, தயங்கியது, குமிழிபோல் மேலே வந்து மிதந்தது. பிரிட்டா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையில் முடிவெட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கக் கிருதா போனது.

பிப்ரவரி இரண்டு. அடுப்பங்கரைக் கதவு திறந்தது. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்த ஓஃபெலியா அம்மாள் கையை மடியில் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்க அவள் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு விம்மியது.

பிரிட்டா மாவடித்தாள். மிதந்தது. தோகையில் பொதிந்தாள். இடுப்பு உயரப் பானையின் அடியில் தண்ணீர் விட்டு, முறைப்படி ஒரு காசும் போட்டாள். அடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை காசு 'கிணுகிணு' என்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். தண்ணீருக்கு மேலே துளைத் தட்டு வைத்து, தமால்களை நிற்க வைத்து அடுக்கி, மூடி, கண்படாமலிருக்கப் பானையின் காதுகளில் தோகைக் கீற்றைக் கட்டினாள். காசு பாட ஆரம்பித்தது.

வேக வேண்டிய நேரம் ஆனது. திறந்தாள். பச்சை மாவு. இன்னும் அவ்வளவு நேரம் விட்டுத் திறந்தாள். பச்சை மாவு, இப்போது சூடாக.

அந்த நேரம் பார்த்து எர்மினியா வந்து சேர்ந்தாள். மூடியைத் தூக்கினாள், மோந்தாள், மூடினாள். மறுபடி தூக்கினாள்.

"வேகலையா? அப்ப வீட்டுல யாரோ கோபமா இருக்காங்க!"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அங்கே சிரிக்கிற விஷயமில்லை. அடுக்களையில் கோபம் இருந்தால் தமால் வேகாது. டாக்டருக்குப் படித்தவர்களும் பானை முன்னால் முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள்வார்கள்.

"நான் இல்ல," என்றார் நபோர்.

"நான் தினமும்தான் கோபமா இருக்கேன்," என்றாள் யரேலி. "என் கோபத்துக்குத் தமாலெல்லாம் பழகிப்போச்சு."

எல்லாக் கண்களும் வாசல் நாற்காலிக்குப் போயின.

"எனக்கென்ன கோபம்?" என்றாள் ஓஃபெலியா அம்மாள். அலமாரியில் பீங்கான் தட்டுகள் நடுங்கின. "எனக்குக் கோபமே கிடையாது!"

பரிகாரம் உண்டு. பானை முன்னால் ஆட வேண்டும். நபோர் தொப்பையோடு ஆடினார். யரேலி ஆடினாள். நாயும் இரண்டு சுற்றுச் சுற்றியது. திறந்து பார்த்தால் மாவு அப்படியே இருந்தது. வேர்வையைத் துடைத்தபடி நபோர் கார் சாவியை எடுத்தார்.

"முக்குக் கடை இன்னும் திறந்துதான் இருக்கும்."

பிரிட்டா போய்க் கதவை மறித்து நின்றாள்.

"யாரும் எங்கயும் போகக் கூடாது. பொம்மை எனக்குத்தான் வந்துச்சு." பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, கோபம் எம்மேலதானே?"

"சேச்சே! உங்க மேல எனக்கென்ன கண்ணு? நீங்க விருந்..."

"சொல்லாதீங்க! அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. ஆகஸ்டுலேர்ந்து நான் ஒரு தப்புகூடவா பண்ணல? நாய்க்குக்கூடத் தினம் திட்டு விழுது. நான் நாயை விடக் கேவலமா? திட்டுங்கம்மா!"

ஓஃபெலியா அம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். நாளெல்லாம் திட்டுகிற ஒரு பெண்பிள்ளை, ஒருத்தியின் பங்கை மட்டும் அரை வருஷமாக வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள். ஊருக்கு மேலே புகைந்துகொண்டிருக்கும் எரிமலைக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

"தப்பா?" என்று எழுந்தாள். "தப்பா பண்ணல? குளிக்கப் போனா மாடித் தொட்டி காலியாகுற வரைக்கும் வெளிய வர்றதில்ல! நாங்கெல்லாம் எச்சி துப்பியா குளிக்கிறது? சில்லுன்னு இருக்கற தரையில வெறுங்காலோட நடக்கறே, சளி பிடிச்சா உங்கம்மாவுக்கு யாருடி பதில் சொல்றது? நான் ரெண்டு நாள் அரைச்ச மோலே மேல தக்காளி சாஸை ஊத்தினியே, பாத்துட்டுத்தான் இருந்தேன்! செத்துப்போன எங்கம்மா கல்லறையில புரண்டு படுத்தா! பிடிக்காததைத் துடைக்கற பேப்பர்ல சுத்தி நாய்க்குப் போட்டியே, அது உனக்குத் தெரியாம எங்கிட்ட வந்து கக்கிடுச்சு! இப்ப என் அடுப்புல வந்து..."

பிரிட்டாவின் முகம் பூரித்துக்கொண்டே போனது. திடீரென்று மாறியது. கை உயர்ந்தது.

"அம்மா, காசு..."

"நான் பேசிட்டிருக்கேன்!"

"காசுச் சத்தம் நின்னுடுச்சு!"

எல்லோரும் காது கொடுத்தார்கள். கிணுகிணு இல்லை. தீய்ந்த வாடை மெல்ல எழுந்தது.

"அப்புறம் மரமாட்டம் நிக்கறே!" என்று கத்தினாள் ஓஃபெலியா அம்மாள். "சுடுதண்ணியை எடு! ஓரமா ஊத்துடி, தமால் மேல ஊத்தாதே! கெட்டிலைச் சாய்க்கத் தெரியாதா? தீயை ஏத்து, கேஸை மிச்சம் பிடிச்சு மினசோட்டாவுக்கா கொண்டு போகப் போறே?"

பிரிட்டா ஓடினாள், ஊற்றினாள், ஏற்றினாள். காசு மறுபடி ஆடியது. ஓஃபெலியா அம்மாள் மூச்சு வாங்கியபடி திரும்பினாள். நாத்தனாரின் கை மூடியின் மேல் இருந்தது.

"நீ கையை எடுடி எர்மினியா! வந்ததுலேர்ந்து தூக்கித் தூக்கி ஆவியை விட்டா எப்படி வேகும்? நீ முகத்தை உள்ள விட்ட நேரத்துக்கு உன் மூக்குதான் வெந்திருக்கும். என் மோலேல உப்புன்னு சொன்ன பாரு, மூணு தட்டுத் தின்னுட்டுத்தானே சொன்னே?"

"நாலு," என்றாள் எர்மினியா, ரோஷத்தோடு. "நாலு தட்டு. நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் போய் உங்ககிட்ட சொல்லுவாங்களா?"

ஓஃபெலியா அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியில் தொப்பென்று விழுந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

மூடியை யாரும் தொடவில்லை. இருட்டத் தொடங்கியபோது பிரிட்டா ஒன்றை எடுத்துத் தோகையை உரித்தாள். ஒட்டாமல், பட்டுப் புடவை நழுவுவதுபோல் கழன்றது. உள்ளே மாவு மஞ்சளாகப் பூத்திருந்தது. எர்மினியா மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டு மூடிவிட்டு, ஏழாவது தமாலுக்குப் பிறகு அதை மறுபடி வெளியே எடுத்தாள்.

அடுக்கின் கீழ்வரிசை கருகியிருந்தது. பானையின் அடி, இரவையே காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. தின்றவர்கள் எழுந்தார்கள். பிரிட்டாவும் எழுந்தாள்.

"நீ எங்க போறே?" என்றாள் ஓஃபெலியா அம்மாள். "பானையை யாரு, உங்க பல்கலைக்கழகத் தலைவரா வந்து கழுவுவார்?"

"என்ன அண்ணி இது," என்று எர்மினியா வாயைப் பிளந்தாள். "விருந்தாளியைப் போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்றீங்க!"

"எந்த விருந்தாளி? இங்க இருக்கற ஒரே விருந்தாளி நீதான். பேசாம உக்காந்து இன்னொண்ணு தின்னு."

பிரிட்டா முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அந்தப் பானைக்குள் பாதி உடம்போடு இறங்கித் தேய்த்தாள். பஞ்சர் கடையில் ஏறிய முறுக்கு அத்தனையும் அதற்குச் செலவானது. கழுவி, கவிழ்த்து, காயவைத்து, பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினாள். ஓஃபெலியா அம்மாள் பானையை விளக்குக்கு நேராகத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, விரலால் ஓரிடத்தைச் சுரண்டினாள்.

"இது கழுவின பானையாடி?"

"இல்லம்மா," என்றாள் பிரிட்டா. பானையைக் கட்டிக்கொண்டு மறுபடி குழாயடிக்கு ஓடினாள்.