பிரிட்ஜ் கதவில் பதினான்கு வரி

அலுவலகத்தில் மூன்றே பேர். மாமா முதலாளி, அவருடைய அக்கா மகள் புரோகிராம் எழுதுபவள், திரைகளை வடிவமைக்கும் படக்காரர் மூன்றாவது ஆள். டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு, எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த இயந்திரம் என்று சொல்லும் மென்பொருள்தான் அவர்கள் பிழைப்பு.

வெள்ளிதோறும் அவள் ஒத்திகை வைப்பாள். தகவல் எல்லாம் அழிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மணிக்கொரு முறை எடுக்கும் நகலிலிருந்து மீட்க வேண்டும். செய்முறையைப் பதினான்கு வரியில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். எழுதியவள் கையை வைக்கக் கூடாது, வேறொருவர் படித்துச் செய்ய வேண்டும் என்பது அவள் சட்டம். படக்காரர் முனகிக்கொண்டே செய்வார். மாமாவுக்கோ ஆயிரம் வேலை. "எரியாத வீட்டுக்கு வாராவாரம் தண்ணி ஊத்துறா" என்று கேலி பேசுவார். அடுத்த வாரத்தோடு ஒத்திகைக்கு முழுக்கு என்று திங்கட்கிழமை அறிவித்தும் விட்டார்.

செவ்வாய் மதியம் படக்காரர் விடுப்பு. அவள் பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, பாதி வாய் மரத்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றேகாலுக்கு மாமாவின் போன். சோதனைத் தகவலை அழிக்கப் போனவர், நிஜத் தகவலை அழித்துவிட்டாராம். கணினித் திரையில் நிஜத்துக்கும் சோதனைக்கும் திறந்திருந்த இரண்டு சன்னலும் ஒரே கறுப்பு. மூன்று மணிக்கு அடுத்த ஷிப்ட். அதற்குள் பட்டியல் வராவிட்டால் மையம் காகிதத்துக்கே திரும்பிவிடும், இவர்கள் கடையை மூட வேண்டியதுதான்.

வழி சொல்ல வாயைத் திறந்தாள். கொழகொழவென்று காற்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டு இரண்டே வார்த்தை அனுப்பினாள்: 'பிரிட்ஜ் கதவு.' பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மாமா தாளைக் கதவிலிருந்து பிய்த்து மேசைமேல் வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. விரல் ஆறாவது வரியில் நின்றது: 'இங்கே பயம் வரும். தண்ணீர் குடிக்கவும்.' பக்கத்தில் காலி டம்ளர்.

"நீயே செஞ்சிடேம்மா," என்றார்.

அவளுக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஏழாவது வரியை அவர் உரக்கப் படித்து, அப்படியே தட்டினார். எட்டு. ஒன்பது. பத்தாவதில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினார்; அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்; அவரே கண்டுபிடித்துத் திருத்தினார்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மையத்து நர்ஸ் கூப்பிட்டார். பட்டியல் முழுதாக வந்துவிட்டது, ஒரு மணிக்குப் பிறகு பதிந்த மூன்று பேரை மட்டும் திரும்பப் பதிந்தால் போதும் என்றார். மாமா நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அவள் தொடாமலேயே அவள் எழுதிய தாள் வேலை செய்திருக்கிறது, அதுவும் யார் கையால்!

மாமா பேனாவை எடுத்துத் தாளின் அடியில் பதினைந்தாவது வரி எழுதினார்: 'நிஜ சன்னலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கவும்.' தாளை மறுபடி பிரிட்ஜ் கதவில் ஒட்டி, நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்தார்.

"வெள்ளிக்கிழமை நான் உக்கார்றேன்," என்றார்.

ஒரு வருடமாக அவரிடம் சொல்லிக்காட்ட அவள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். வாய் இன்னும் மரத்தே கிடந்தது. பாதி உதட்டால் சிரித்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.