கேட்காமல் விட்ட சுயுன்சு

கிர்கிஸ்தானில், பிஷ்கெக் ஆஸ்பத்திரி நடைபாதையில் புருல்சா ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். நேராக உட்கார முடியாது. முதுகெலும்பின் அடிமுனையில் முளைத்த கட்டியை மூன்று வருஷத்துக்கு முன் எலும்போடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார்கள். பத்து லட்சம் பேரில் ஒருத்தருக்கு வருவதாம். குலுக்கலில் ஒரு சட்டிகூட விழாதவளுக்கு இது விழுந்தது. வெட்டின இடத்திலேயே திரும்பவும் முளைக்கக்கூடியது என்பதால் வருஷா வருஷம் ஸ்கேன்.

இந்த ஊர் வழக்கத்தை நினைத்தால் எரிச்சல்தான் வரும். கெட்ட சேதியை டாக்டர் வீட்டாரிடம்தான் சொல்வார், நோயாளியிடம் மூச்சுவிட மாட்டார். முதல் தடவை "டிஸ்க் நழுவிருக்கு" என்றே எல்லோரும் சாதித்தார்கள். தையல் பிரிக்க வந்த நர்ஸ் உளறித்தான் அவளுக்கு உண்மை தெரிந்தது.

போன இரண்டு வருஷமும் ஸ்கேன் முடிவைக் கேட்டுவிட்டு டாக்டர் அறைக் கதவைத் திறந்ததுமே அவள் கணவன் மெதெர்பெக் "சுயுன்சு!" என்று கத்தினான். நல்ல சேதி கொண்டுவருகிறவன் அதைச் சொல்லுமுன் கேட்கும் பரிசு அது. அதைக் கேட்காமல் நல்ல சேதி சொல்லும் கிர்கிஸ்காரன் இனிமேல்தான் பிறக்கவேண்டும். முதல் வருஷம் அவள் கழுத்துக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டான். இந்தத் தடவை அவளே கம்பளிக் கையுறை பின்னிப் பையில் வைத்திருந்தாள்.

அவன் உள்ளே போய் முக்கால் மணி நேரமாயிற்று. போன வருஷம் பத்தே நிமிஷம்.

கதவு திறந்தது.

"ஒண்ணுமில்ல புருல். சுத்தமா இருக்காம். வா, சம்சா வாங்கித் தரேன்."

சிரித்தான். நன்றாகத்தான் சிரித்தான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேற என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் முகம் மெல்ல வெளுத்தது.

"அட, சுயுன்சு. மறந்தே போச்சு பாரு. குடு, குடு." கையை நீட்டினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டவன் சோற்றையே மறந்துவிட்டு வந்திருந்தான். அவளுக்கு அழுகை முட்டியது. கோபம் முந்திக்கொண்டது.

"எவ்ளோ பெருசு?"

பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். "ரெண்டு சென்டிமீட்டர். நரம்பை ஒட்டி இருக்காம். மறுபடி வெட்டினா இடது கால் வராமப் போகலாம்கிறார். இல்லன்னா கதிர்வீச்சு குடுத்துப் பாக்கலாமாம். நான் யோசிச்சு சொல்றேன்னு..."

"நீங்க யோசிக்கிறதா? கால் யாரோடது?"

அவள் கையுறைகளை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இதை வாங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றான்.

"உங்களுக்குன்னுதான் பின்னினேன். போட்டுக்குங்க, கை நடுங்குது."

சுவரைப் பிடித்து எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"எது முடிவு பண்றதுன்னாலும் என்கிட்ட பேசுங்க டாக்டர். முதல்ல இதை எழுதிக்குங்க. இடது குதிகால் மரத்துப்போய் ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமாவா?" வெளியே மெதெர்பெக்கின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

புருல்சாவுக்குத் திரும்பிப் பார்க்க முகமில்லை.