கட்டைவிரல் மாட்டிய கொக்கி

மார்ச் 11, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். நேற்றைய பக்கத்தில் ‘இன்று பதினெட்டு முறை கொக்கி மாட்டினேன்’ என்று எழுதியிருக்கிறேன். தவறு. பதினெட்டு முறை பொத்தானை அழுத்தினேன். கொக்கியை ஒரு முறைகூடத் தொடவில்லை.

சின்னத் தவறுதான். ஆனால் அதனால் இன்று காலை விழப் பார்த்தேன். வரிசையாக எழுதினால் எனக்கே புரியுமோ என்று எழுதுகிறேன்.

மாலை வகுப்பில் மூன்று வாரமாக, உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி நடக்கிறது. கண் முன்னால் கணினிக் காட்சி காட்டும் பெரிய கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டிவிடுவார்கள். மேசை நாற்காலி எல்லாம் மறைந்து, பத்தாவது மாடிச் சாரத்தின் மேல் நிற்போம். கையில் இருக்கும் பிடியில் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால், காட்சியில் தெரியும் இடுப்புப் பெல்ட்டின் கொக்கி தானாகப் போய்க் கம்பியில் மாட்டிக்கொள்ளும். ‘டிக்’ என்று காதில் சத்தம் வரும். அதன் பிறகே அடி எடுத்து வைக்கலாம். நேற்று எனக்கு நூற்றுக்கு நூறு.

பகலில் நான் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இன்று காலை நிஜச் சாரத்தின் நான்காம் தட்டில் நின்றிருந்தேன். ஜன்னலின் அந்தப் பக்க மூலை எட்டவில்லை. கொக்கி மாட்டினேன், வெளியே சாய்ந்தேன். பின்னாலிருந்து யாரோ பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். அக்காவின் கணவர். அந்தச் சாரத்தைக் கட்டியவரே அவர்தான்.

“கொக்கி எங்க?”

“மாட்டிட்டேனே அத்தான்.”

“எதுல, காத்துலயா? கீழ பாரு, வால் ஆடுது.”

பார்த்தேன். கொக்கி என் முழங்கால் பக்கத்தில் கயிற்றோடு ஊசலாடிக்கொண்டிருந்தது. எனக்கு டிக் சத்தம் கேட்டதே! சத்தியமாகக் கேட்டது. வலது கட்டைவிரல் இன்னும் மடங்கியபடி இருந்தது.

அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நூறு மார்க்குன்னு நேத்து வீடு பூரா தம்பட்டம் அடிச்சியே. உனக்கு ஒண்ணுன்னா உங்க அக்கா முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இது சரியாகுற வரைக்கும் என் சாரத்துல கால் வைக்காத. கார்டு வந்தாலும் சரி.”

உயர மாடிகளில் வேலை செய்ய அனுமதி தரும் கார்டு அது. அதற்கான தேர்வு வியாழக்கிழமை. அதையும் கண்ணாடி போட்டுத்தான் செய்ய வேண்டும். தேறினால் திங்கள் முதல் எட்டாம் மாடியில் வேலை. காலையில் நடந்ததைப் பயிற்சி சாரிடம் சொன்னால் தேர்வுக்கே விடமாட்டார். சொல்லாவிட்டால் கார்டு கிடைத்துவிடும். இந்தக் கட்டைவிரலும் என்னோடு எட்டாம் மாடிக்கு வரும்.

மாலையில் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினேன். கை நேராக இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட் ஏது? துழாவிக்கொண்டே அடி வைத்தேன். பத்து மாடியும் மேலே பறந்தன. நிஜத்தில் தரையில் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“விழுந்தவங்களுக்கு டீ உண்டா சார்?” இது கூடப் பயிற்சிக்கு வரும் வெல்டர் அண்ணன்.

“பொத்தானை அழுத்தும்மா, அவ்வளவுதான். நேத்து நல்லாத்தானே பண்ணினே?” என்றார் சார்.

காலையில் பொத்தானை அழுத்தியதால் தப்பு. மாலையில் அழுத்தாததால் தப்பு. கோளாறு என்னிடமா, கண்ணாடியிடமா? கண்ணாடியை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முன்பு உயரத்தில் எனக்குக் கால் நடுங்கும்; அதைப் போட்டுப் பழகிய பிறகுதான் நடுக்கம் நின்றது. ஆனால் நடுங்கிய நாட்களில் கை முதலில் கொக்கியைத்தானே தேடியது? இதை மூன்று முறை படித்துவிட்டேன். தெளியவில்லை.

வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும்போது வெல்டர் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, கண்ண மூடிக்குங்க. சாரத்துல நிக்கிறீங்க. கொக்கி மாட்டுங்க.”

“என்ன, என்னையும் தள்ளிவிடப் போறியா?” என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். இரண்டு கையும் தொடையோரம் அப்படியே இருந்தன. வலது கட்டைவிரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது.

“மாட்டியாச்சு,” என்றார்.

“கண்ணத் திறந்து கையப் பாருங்கண்ணே.”

பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “நானும் திங்கக்கிழமை மேல ஏறணுமே,” என்றார் மெதுவாக.

என் ஒருத்தியின் கோளாறு என்றால் மறைத்துவிட்டிருப்பேனோ என்னவோ. வகுப்பில் பதினான்கு பேர் இருக்கிறோம்.

நாளை: வகுப்பில் நிஜக் கொக்கியைக் கையால் மாட்டிப் பழக, அத்தானிடம் பழைய பெல்ட் ஒன்றும், ஒரு முழ நீளச் சாரக் குழாயும் கேட்டு வாங்க வேண்டும். மாலை ஐந்தரைக்கே, எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்குப் போக வேண்டும். முதலில், இன்று காலை நடந்ததை சாரிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு, பதினான்கு பேரையும் கண்ணை மூடிக் கொக்கி மாட்டச் சொல்லும்படி அவரைக் கேட்க வேண்டும்.