இரைச்சல் இல்லாத சவுண்ட் கார்டு

நவமணி பாடினால் மூடுபனி விலகிவிடும் என்று அவள் புருஷன் கருப்பையா சொல்வார். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. ஒருநாள் தேயிலை ஃபேக்டரிக்கு நேர் மேலே இருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே அவள் எடுத்த எடுப்பில், பனி மலையை விட்டு இறங்கி, லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு தக்காளித் தோட்டத்துக்குள் போய் இரண்டு நாள் உட்கார்ந்துகொண்டது. தோட்டக்காரர் அதை விரட்ட நாய் விட்டுப் பார்த்தார். நாயைத் தேட இன்னும் இரண்டு நாள் ஆனது.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது ஆபத்து. நவமணியின் கழுத்தில் ஒரு கட்டி. ஈப்போ டாக்டர் நல்ல மனிதர். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். உயிருக்குப் பயமில்லை. ஆனால் கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது. எடுத்த பிறகு குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் முதல் திங்கள் தேதி குறித்தாகிவிட்டது.

நவமணி உருளைக்கிழங்கு விலை கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கருப்பையா திரும்பும் வழியில் கம்போங் ராஜாவில் வேனை நிறுத்த வைத்தார். அங்கே இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்:

"உன் பாட்டெ ரெக்காடு பண்ணணும்."

"எந்தப் பாட்டெ?"

"அந்த ஆணிப் பாட்டெ."

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் கருப்பையா சுவரில் படம் மாட்டப் போய் விரலை நசுக்கிக்கொண்டார். அன்று அவள் கட்டிய பாட்டு அது. முப்பத்தாறு வருடமாக மலையிலும் அடுப்படியிலும் அதைப் பாடித்தான் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

*ஆணி அடிக்கப் போனாரு எங்க வீட்டு ராசா*
*அடிச்சதெல்லாம் கட்டவெரலு, ஆணி நிக்குது லேசா*

"என்னெத் திட்டுற பாட்டெ வேற ஆளுங்க கேக்கணுமா?" என்றாள்.

"வேற ஆளு இல்ல. நான் கேக்கணும்."

அவள் தன் கோப்பையில் இருந்த பாதித் தேத்தண்ணியை அவர் கோப்பையில் ஊற்றினாள்.

ஜொகூரில் இருக்கும் மகள் ரூபினி விட்டுப்போன பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது. மற்றதற்கு கருப்பையா பிரிஞ்சாங்குக்குப் போனார். அங்கே மெல்வின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயது, தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன்.

"அங்கிள், லேப்டாப்புல மைக் சொருகுற ஓட்டை பேசுறதுக்குத்தான். பாட்டுக்கு வெளிய தனியா ஒரு சவுண்ட் கார்டு வேணும். இந்தப் பக்கம் மைக், அந்தப் பக்கம் லேப்டாப், நடுவுல இது. குரலெ வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்கும்."

"எவ்வளவு?"

"கட்டவெரல் அளவுக்கு ஒண்ணு இருக்கு, பத்தொன்பது வெள்ளி. டப்பா மாதிரி ஒண்ணு, எம்பத்தஞ்சு. நல்லது வேணும்னா இது, எரநூத்தி நாப்பது. இதுக்கு மேல ஒங்களுக்குத் தேவையே இல்ல. ஒரே ஆளு, ஒரே மைக். பெருசு வாங்குனா ஓட்டைங்கதான் சும்மா கெடக்கும்."

விற்கிறவனே இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்னதில் கருப்பையாவுக்கு அவன்மேல் மரியாதை வந்தது. மரியாதை வந்தாலும் பத்தொன்பது வெள்ளியைத்தான் எடுத்துக்கொண்டார். மைக்கையும் ஹெட்போனையும் மெல்வின் இரவலாகக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, நவமணியைப் பாடச் சொல்லிப் பிடித்தார். ஹெட்போனில் கேட்டால் குரலுக்குப் பின்னால் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஆயிரம் வண்டு கூடிக் கும்பிடுவது மாதிரி.

மறுநாளே கடையில் நின்றார். "தம்பி, இது ரோசாக். கெட்டுப்போன சாமான்."

மெல்வின் கடையிலேயே மாட்டிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. "வெல கம்மி சாமான் லா, ஒரு நேரம் நல்லாருக்கும், ஒரு நேரம் மொரண்டு பண்ணும்" என்று மன்னிப்புக் கேட்டு, எண்பத்தைந்தை மாற்றிக் கொடுத்தான். அது வீட்டுக்கு வந்ததும் இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்டது. இருநூற்று நாற்பதை வாங்கிவந்தார். அதில் அந்த இரைச்சலுக்குள் இன்னொரு குட்டி இரைச்சலும் கேட்டது.

"காசு ஏற ஏற கெட்டுப்போற சாமானெ இப்பதான் பாக்குறேன்" என்றாள் நவமணி.

இப்படியே இரண்டு வாரம் போய்விட்டது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தார்கள். வயரை மாற்றினார்கள். ஃபிரிட்ஜை அணைத்ததில் கோழிக்கறி கெட்டது, இரைச்சல் கெடவில்லை. கடைசியில் மெல்வின் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கே வந்தான். கருப்பையாவின் வீடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லைனில் ஃபேக்டரியை ஒட்டிய கடைசி வீடு. உள்ளே வந்தவன் ஹெட்போனைத் தொடக்கூட இல்லை.

"அங்கிள், வெளிய என்ன சத்தம்?"

"என்ன சத்தம்?"

"ம்ம்ம்ம்னு கேக்குதே."

கருப்பையா காதைத் தீட்டினார். நவமணியும் கேட்டாள். "ஒண்ணும் இல்லியே தம்பி. ஈப்போ போயிட்டு மல ஏறி வந்தா எங்களுக்கும் காது இப்படித்தான் அடைக்கும்."

"ஆன்ட்டி, செவுரே அதிருது!" என்று மெல்வின் அவர்கள் இரண்டு பேருடைய கையையும் பிடித்துச் சுவரில் வைத்தான்.

சுவர் அதிர்ந்தது. ஃபேக்டரி மாடியில் கொழுந்தை வாட வைக்கும் பெரிய விசிறிகள். ராத்திரி பகல் ஓடுபவை. அந்த விசிறிகளுக்கு முப்பத்தொரு வருடம் கிரீஸ் போட்டு, பெல்ட் மாற்றி, ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் கருப்பையா. நவமணி கொழுந்து பறிப்பதை விட்டு இப்போது அதே ஃபேக்டரியில் தூள் சலிக்கிறாள். சொந்தக் குறட்டை யாருக்குக் கேட்கிறது?

"மூணு கார்டும் நல்ல கார்டுதான்" என்றான் மெல்வின். "ஒண்ணொவிட ஒண்ணு நல்லா கேட்டிருக்கு, அவ்வளவுதான்."

கருப்பையாவுக்கு வெட்கம் ஒரு பக்கம். ஆனால் நாள் போகிறதே என்ற பதற்றம்தான் பெரிது. ஆபரேஷனுக்கு எட்டே நாள். தேவாலயத்தில் வைத்துப் பிடிக்கலாம் என்று மெல்வின் சொன்னதற்கு நவமணி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆணிப் பாட்டெ சாமி முன்னாலயா? போப்பா!" கருப்பையா நேராக ஃபேக்டரிக்குப் போய், தன் இடத்தில் இப்போது ஃபிட்டராக இருக்கும் குகனேஸ்வரனைப் பிடித்தார்.

"வெசிறிய எப்ப நிறுத்துவே?"

"வியாழக்கெழம சர்வீஸ்ணே. பத்து மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். ஏண்ணே?"

"ஒங்க அக்கா பாடணும்."

அவன் சரியென்று தலையாட்டினான். அவன் அம்மாவும் நவமணி பாட்டைக் கேட்டுக்கொண்டு கொழுந்து பறித்தவள்தான்.

வியாழக்கிழமை நவமணி லீவு சொல்லிவிட்டாள், மெல்வினும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டான். பத்து மணிக்கு விசிறிகள் நின்றன. லைன் முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து, ஏதோ காணாமல் போன மாதிரி ஆகாயத்தைப் பார்த்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த கிழவர் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார். கருப்பையா ஹெட்போனை மாட்டினார். அப்படி ஒரு சுத்தம். நவமணி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாடு மணி."

நவமணி எடுத்தாள். முதல் வரி ஓர் உயரத்தில் நின்றது. இரண்டாவது வரி எங்கோ சறுக்கியது. மறுபடி எடுத்தாள். ராசாவில் ஏறியவள் லேசாவில் இறங்க வழி தெரியாமல் நின்றாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. வெந்நீர் குடித்தாள், கற்கண்டு வாயில் போட்டாள், ஜன்னல் பக்கம் திரும்பிப் பாடினாள். ஒன்றும் நிற்கவில்லை.

"இப்பவே போயிருச்சாங்க?" என்று கழுத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் அந்தப் பயத்தைக் கருப்பையா அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் முன்னாலும் இல்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வேணாம் மணி. விடு. எனக்குப் பாட்டு வேணாம், நீ வந்தாப் போதும்."

ஒரு மணி அடித்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக முனகி எழுந்தன. நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையல் ஒன்றும் ஆகவில்லையே என்று எழுந்துபோய் முட்டைக்கோஸை அரிந்தாள். நாலு வெட்டுக்குள் வாய் தானாக முணுமுணுத்தது. ஆறாவது வெட்டில் பாட்டே வந்துவிட்டது. ராசாவில் ஏறி, லேசாவில் இறங்கி, ஒரு மயிரிழை பிசகாமல்.

மெல்வின் கீபோர்டுக்காரன் அல்லவா, அவனுக்குத்தான் முதலில் புரிந்தது. "அங்கிள்! வெசிறிதான் ஆன்ட்டிக்குச் சுருதி! அசையாதீங்க!" என்று கிசுகிசுத்துவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் ஏந்தி அடுப்படிக்கு நடந்தான். லேப்டாப்பைத் தாம்பூலத் தட்டு மாதிரி தூக்கிக்கொண்டு கருப்பையா பின்னால் போனார். பாட்டு, விசிறி, முட்டைக்கோஸ் மூன்றும் பதிந்தன.

திங்கட்கிழமை கட்டியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. குரல் திரும்ப மூன்று வாரம் ஆனது. வந்த குரல் பழைய குரலுக்கு அக்கா மாதிரி இருந்தது. கொஞ்சம் தடித்து, இறங்கி. பேச ஒரு குறையுமில்லை. அதை வைத்துக்கொண்டே கருப்பையாவைத் தாராளமாகத் திட்டினாள். பாடத்தான் இல்லை. ஓரிரு தடவை அடுப்படியில் ஆரம்பித்து, எட்டாத பரணுக்குக் கை நீட்டியவள் மாதிரி நிறுத்திவிட்டாள்.

கருப்பையா அவளுக்காகப் பதிவைப் போட்டுக் காட்டினார். நவமணி பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாப் பாடுறா" என்றாள். "யாரு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கருப்பையாவால் சிரிக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டார். அவர் தேடியது அதற்குள் இல்லை.

சாயங்காலம் குகனேஸ்வரனிடம் போனார். "தம்பி, நம்ம வீட்டுப் பக்கத்து வெசிறி. மோட்டார்ல இருக்கிற பெல்ட் சக்கரம் தேஞ்சிருக்கும், பாரு."

"நல்லாதானேண்ணே இருக்கு."

"தேஞ்சிருக்கும். ஸ்டோர்ல அதொவிடக் கொஞ்சம் சின்னது ஒண்ணு கெடக்கு, நான் இருந்தப்ப வச்சது. அதெ மாட்டு. மெதுவா ஓடும், சுருதியும் எறங்கும்."

குகனேஸ்வரன் ஸ்டோர் சாவியை எடுத்தான். "மேனேஜர் கேட்டா?"

"வெசிறிக்கு வயசாயிருச்சுன்னு சொல்லு. எனக்கு அப்படித்தான் சொன்னாங்க."

சின்னச் சக்கரம் ஏறியது. விசிறியின் முனகல் ஒரு படி இறங்கியது. அந்த வாரம் கொழுந்து வாட அரைமணி நேரம் கூடுதலாக ஆயிற்று. மேனேஜர் மழையைக் குறை சொன்னார். அந்த வாரத்துத் தூளில் ஏதோ ஒரு விசேஷம் இருக்கிறது என்று வாங்க வந்தவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். மேனேஜர் அதற்கும் மழையைத்தான் காரணம் சொன்னார்.

சக்கரம் மாற்றிய மறுநாள் காலை நவமணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கருப்பையா முன்னறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து, தடித்த புதுக் குரலில், மெதுவாக, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து வந்தது:

*பாட்டப் புடிக்கப் பொட்டி மூணு பாத்தாரு ராசா*
*வெசிறிகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சாரு லேசா*

சவுண்ட் கார்டு மேசை மேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கருப்பையா அதன் பக்கம் கை நீட்டவில்லை. நாளைக்கும் பாடுவாள்.

"ஏங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது, "வெசிறிக்கு என்ன தொண்ட கட்டியிருக்கு?"

"பனி, மணி" என்றார் கருப்பையா, பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு. "பனிதான்."