பார்க்குக்கு நகர்த்திய சதுரம்

கூடுவாஞ்சேரியைத் தாண்டி இருக்கும் ஜெயவேலுவின் நிலம் மனைகளாகப் போகிறது என்றதும், அவர் மனைவி அஞ்சம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய தலைப்பிள்ளை, பெண், பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டது. வழக்கப்படி சொந்த நிலத்திலேயே புதைத்தார்கள். கைக்குழந்தைக்கு யாரும் கல் வைப்பதில்லை. அந்த இடம் வீட்டுக்கு அடியிலும் போகக் கூடாது, ரோட்டுக்கு அடியிலும் போகக் கூடாது. பார்க் என்று ஒன்று விடுவார்களாமே, அதில் வரட்டும். அவ்வளவுதான்.

சர்வே எடுக்க வந்தவர்களுக்கு அவளே வரப்போரம் போய் நின்று காட்டினாள். அவர்களும் அவள் நின்ற இடத்தைக் குறித்து, வரைபடத்தில் சின்னச் சதுரமாகப் போட்டு அனுப்பினார்கள்.

அந்தப் படம் மேற்குத் தாம்பரத்தில் இன்ஜினியர் ஹரிபிரசாத்தின் ஆபீசுக்கு வந்தது. ஹரிபிரசாத் கத்துகிற ஆள் இல்லை. சிரித்துப் பேசியே காரியத்தை முடித்துவிடுவார். இப்படிப்பட்டவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டரில் மனைப்பிரிவு வரைந்து கொடுக்கிறவள் ஜெரூஷா.

சதுரம் விழுந்திருந்தது ரோட்டைப் பார்த்த மூலை மனையில். எல்லாவற்றிலும் நல்ல விலைக்குப் போகிற மனை. பார்க்கோ கடைசியில், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே. எவனும் வாங்காத இடத்துக்குத்தானே பார்க் என்று பேர் வைக்கிறார்கள்.

"அத இரேஸ் பண்ணிடும்மா," என்றார் ஹரிபிரசாத்.

ஜெரூஷா சதுரத்தைத் தொட்டு இரேஸ் கொடுத்தாள். சதுரம் அங்கேயே இருந்தது. சரியாகத் தொடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழித்தாள். அப்போதும் இருந்தது. இன்னொரு தரம் அழித்த பிறகுதான் போனது. சர்வேக்காரர்கள் கவனிக்காமல் காப்பி எடுத்து அதே இடத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கிறது. தினமும் நடக்கிற கூத்துதான். காரணம் தெரிந்தும் அவளுக்கு, எழுந்து எழுந்து உட்காரும் பிள்ளையைத் தட்டித் தட்டிப் படுக்கவைத்தது போல இருந்தது.

மனை எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். எங்கே போட்டாலும் கண் அந்த மூலைக்கே போனது. வெறும் இடம். ஆனாலும் அங்கே ஏதோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. ஜெபம் சொல்லிப் பார்த்தாள், பாதியில் வரி மறந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த ஹரிபிரசாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மா சாயங்காலம் வருது. நிலத்துல அதுக்கும் பங்கு இருக்கு, படத்தைப் பாக்காம கையெழுத்து போடாதாம். சதுரத்தைத் திரும்பக் கொண்டாந்து பார்க்ல வெச்சிடு."

"சார், குழந்தை இருக்கிறது அங்க இல்லையே."

"படத்துலதானேம்மா நகர்த்துறோம்? அந்தம்மாவுக்கும் நிம்மதி, நமக்கும் பேஜார் இல்ல."

செய்ததையெல்லாம் பின்னோக்கி ரத்து செய்ய ஜெரூஷா அன்டூ கொடுத்தாள். மத்தியானம் வரை போட்ட மனை எண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி எண்ணும் போனதும் சதுரம் வந்து நின்றது, கூப்பிடுவதற்காகவே காத்திருந்தது போல. மூவ் கொடுத்து அதை இழுத்தாள். பழைய இடத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு கூடவே நீண்டு வந்தது. பார்க்கில் வைத்து ஒரு கிளிக். கோடு காணாமல் போனது. 

சாயங்காலம் அஞ்சம்மாள் வந்து ஸ்க்ரீனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். "இன்னா கண்ணு, இதானா எம்பொண்ணு?"

"ஆமாம்மா," என்றாள் ஜெரூஷா.

அஞ்சம்மாள் சதுரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிப் போனாள்.

அடுத்த மாதம் நிலம் முழுக்கக் கிராவல் கொட்டி நிரவினார்கள். வரப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. மனைக்கல் சரிபார்க்க ஹரிபிரசாத்தோடு ஜெரூஷா போன அன்று, அஞ்சம்மாளும் கையில் பால் சொம்போடு வந்திருந்தாள். வருஷா வருஷம் அந்த மண்ணில் பால் ஊற்றுகிறவள். யாரையும் கேட்காமல் நேரே மூலை மனைக்கு நடந்தாள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு ஜேசிபி பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தது.

"டேய், நிறுத்துங்கடா! எம்பொண்ணு இங்கதான் கீது!"

ஹரிபிரசாத் பதறவில்லை. "மண்ணு கொட்டினதுல அடையாளம் தெரியலம்மா உங்களுக்கு. நீங்க நின்னு காட்டித்தானே குறிச்சாங்க? படத்தை எடுத்துப் பாருங்க."

அவள் இடுப்பில் செருகியிருந்த பிரிண்டை எடுத்துப் பிரித்தாள். சதுரத்தைப் பார்த்தாள். காலடி மண்ணைப் பார்த்தாள். தான் நின்று காட்டிக் குறித்தது, அது எப்படித் தப்பாகும்? மெதுவாக மின்கம்பியின் கீழே போய், பாலை ஊற்றிவிட்டு அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

"தப்பான எடத்துல ஊத்திகினு இருந்தேனேடி! இத்தினி வருசமும் பசியோடயா கெடந்த? ஆத்தாள மன்னிச்சுக்கோடி."

ஜெரூஷாவுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, உங்க மேல தப்பில்ல. சார் சொல்லி நான்தான் படத்துல மாத்தி வெச்சேன். நீங்க முதல்ல போய் நின்னீங்களே, அதுதான் இடம். எழுந்திருங்க, பள்ளத்தை நிறுத்திடலாம்."

அஞ்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, நம்பிக்கையுமில்லை. கையை விடுவித்துக்கொண்டு, நனைந்த மண்ணைத் தட்டிக் கொடுத்தாள்.

"மெதுவா பேசு கண்ணு. இப்பத்தான் கண்டுபுடிச்சு வந்துகீறேன். மறுபடி எடத்த மாத்தாத. கொயந்த பயந்துக்கும்."