தொண்ணூற்றொன்பது விழுக்காடு சுத்தம்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், எங்கள் ஜிம்மில் யாருக்காவது தோளோ முழங்காலோ மக்கர் செய்தால், டாக்டருக்கு முன்னால் ரோண்டாவைத்தான் தேடுவார்கள். இணையத்தில் விற்கும் பெப்டைடு ஊசிமருந்துக் குப்பிகளை மொத்தமாக வரவழைத்து, வாங்குபவர்களுக்கென்று போனில் ஒரு குழு வைத்துப் பிரித்துக் கொடுப்பவள் அவள். குப்பிகளில் பெயர் இருக்காது, மூடியின் நிறம்தான் அடையாளம். நீலம் காயம் ஆற, சிவப்பு உடம்பு இளைக்க.

ரோண்டா எவனையும் லேசில் நம்பமாட்டாள். "விக்கிறவன் காட்டுற சான்றிதழ நம்புறதும், பழைய கார் விக்கிறவன்கிட்டயே கார் எப்படின்னு கேக்குறதும் ஒண்ணுதான்" என்பாள். தானே ஒரு குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்தபிறகுதான் மற்றதைக் கொடுப்பாள்.

நீச்சல் பயிற்சியாளன் ரஸ், தோள்வலிக்காக நீல மூடி வாங்கினான். ஏற்கெனவே ஒல்லி. இரண்டு வாரத்தில் இடுப்பில் பெல்ட் நிற்கவில்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். அவன் மனைவி லெனோர் அவனுக்குப் பிடித்த பன்றி விலாவைச் சுட்டு வைத்தாள். வாசனை பட்டதும் எழுந்து வெளியே போய்விட்டான்.

"தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அப்படியேதான் வலிக்குது."

"அப்போ அந்த ஊசி என்னத்ததான் பண்ணுது?"

மறுநாள் ஜிம்மில் ரஸ் அதையே கேட்டான். ரோண்டாவுக்குச் சுள்ளென்று வந்தது.

"டேய், நான் குடுத்த சரக்கையா சந்தேகப்படுற? தொண்ணூத்தொன்பது பர்சென்ட் சுத்தம். வயிறு கெட்டா என் தலையில கட்டாத."

"எந்தப் பெட்டிக்கு வந்த ரிப்போர்ட் அது?"

ரோண்டா போனைத் திறந்து அறிக்கையின் தேதியைப் பார்த்தாள். போன பெட்டியின் அறிக்கை அது. விற்பவன் அதே ஆள்தானே என்று இந்தப் பெட்டியிலிருந்து எதையும் அனுப்பாமல் விட்டிருந்தாள்.

அன்றே ரஸ் ஊசியை நிறுத்தினான். அந்தப் பெட்டியில் மீதியிருந்த ஒரு நீல மூடிக் குப்பியை ரோண்டா ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை அவளுக்கும் நிலைகொள்ளவில்லை. எடை தூக்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கி வைத்துவிட்டு போனைப் பார்ப்பாள்.

முடிவு வந்தபோது ரோண்டாவும் ரஸ்ஸும் நானும் ஜிம்மின் வாகன நிறுத்தத்தில் நின்றிருந்தோம். ரோண்டா படித்தாள், மறுபடி படித்தாள்.

"சுத்தம் தொண்ணூத்தொன்பது. அளவும் சரி" என்றாள். குரல் இறங்கியது. "ஆனா இது அது இல்ல ரஸ். இளைக்கிற மருந்து. விக்கிறவன் மூடி நிறத்த மாத்திப் போட்டிருக்கான்."

ரஸ் சிரித்தான். "நல்லவேள, தரமான சரக்கா போச்சு" என்று சொன்னவன், அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெட்டியிலிருந்து வாங்கிய ஒவ்வொருவரையும் ரோண்டா போனில் அழைத்தாள். சிவப்பு மூடி வாங்கிய கெர்பி கத்தினான்: "ஒரு மாசமா ஒரு கிலோ குறையல! அவன் தண்ணி விக்கிறான்னு குரூப்ல திட்டித் தீத்துட்டேன்!"

"திட்டுனது சரிதான், காரணந்தான் தப்பு" என்றாள் ரோண்டா. "தண்ணி இல்ல, மூடி மாறிப்போச்சு. மேல ஒண்ணும் போடாத."

மேவிஸ் மட்டும் எடுக்கவில்லை. எழுபது வயது, எலும்பும் தோலுமான உடம்பு, தனியாக இருக்கிறவள். மணிக்கட்டு வலிக்காக இரண்டு நீல மூடி வாங்கியிருந்தாள். மூன்று தடவை அடித்தும் மணி அடித்து ஓய்ந்தது.

என் காரில் ஏறினோம். வெயிலில் கண் கூசியது. சிவப்பு விளக்கு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ரோண்டா கதவைத் திறந்து இறங்கிவிடுவாள் போலிருந்தது. "ஒரு குப்பி அனுப்பியிருக்கலாம். ஒண்ணே ஒண்ணு" என்று முணுமுணுத்தபடியே வந்தாள்.

கதவைத் தட்டினோம். சத்தமில்லை. ரஸ் கையை மடக்கிப் படபடவென்று இடித்தான்.

கதவு திறந்தது. மேவிஸ் கையில் பாதி கடித்த சாண்ட்விச். "தோட்டத்துல இருந்தேன். வீடு பத்திக்கிச்சா என்ன, இப்படி இடிக்கிறீங்க?"

"அந்த ஊசி... போட்டியா?" ரோண்டாவுக்கு மூச்சு வாங்கியது.

மேவிஸ் வெட்கப்பட்டாள். "திட்டாத. ரெண்டும் ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. ஊசின்னாலே எனக்கு பயம். உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ரோண்டா அவளைக் கட்டிக்கொண்டாள். மேவிஸ் சாண்ட்விச்சை உயரத் தூக்கிப் பிடித்தபடி எங்களைப் பார்த்து விழித்தாள்.

ரஸ் அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போய் தோளைக் காட்டினான். பசி மெல்லத்தான் திரும்பியது. ரோண்டா குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள், தன் பெயரைப் போட்டே. குழுவைக் கலைத்துவிடு என்று சிலர் சொன்னார்கள். இன்னும் கலைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் அவள் ஒரு பெட்டிகூட வரவழைக்கவில்லை.